ஆராதனையும் பணியும்: உரோமையர் 12:1இன் தமிழாக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தோர் எதிர்கொண்ட சொற்சிக்கல்களுள் கடவுளைக் குறிக்கும் சொல் பற்றிய சிக்கல் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளது. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்னும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெற்ற வரலாறு மொழிபெயர்ப்பு ஆய்வாளர் பலரும் அறிந்ததே. ஆனால் அக்கடவுளுக்கு மனிதன் செய்வது யாது என்பதைக் குறிக்கும் சொல் அத்துணைக் கவனம் பெறவில்லை. ஆராதனை, வழிபாடு, தொழுகை, பணிவிடை, ஊழியம், பணி எனப் பல சொற்கள் இப்பொருட்புலத்தில் உள்ளன. இவற்றுள் எது எங்கே தெரிவு செய்யப்படுகிறது என்பது நடை பற்றிய வினா மட்டுமன்று. கிறித்தவ வழிபாடு என்பது ஆலயத்தினுள் குறித்த நேரத்தில் நிகழும் ஒரு நிகழ்ச்சியா, அன்றி உழைப்பும் ஊதியமும் உறவும் அடங்கிய அன்றாட வாழ்க்கை முழுவதுமா என்னும் வினாவிற்கு மொழிபெயர்ப்பாளர் தரும் விடையும் அத்தெரிவில் அடங்கியுள்ளது.

இவ்வினா மிகக் கூர்மையாக எழும் இடம் பவுல் உரோமைத் திருச்சபைக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் இயலின் முதல் வசனமாகும். கி.பி. 57 அளவில் எழுதப்பெற்றதாகக் கருதப்படும் இத்திருமுகத்தில், முதல் பதினோர் இயல்களின் கொள்கை விளக்கம் முடிந்து நடைமுறை வாழ்க்கை பற்றிய அறிவுரை தொடங்கும் வாயிலில் இவ்வசனம் நிற்கிறது. வாசகர் தம் உடல்களை உயிருள்ள பலியாகக் கடவுளுக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும், அதுவே அவர்களுக்குரிய வழிபாடு என்பதும் இதன் சாரம். செருமானிய விவிலிய அறிஞர் எர்ன்ஸ்ட் கேசமன் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில், உலகின் அன்றாடத்தில் நிகழும் வழிபாடு என்னும் கருத்தை இவ்வியலை அடிப்படையாகக் கொண்டே விளக்கினார்.

இவ்வசனத்தின் இரு தமிழாக்கங்கள் ஈண்டு ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்து இன்றளவும் சீர்திருத்தத் திருச்சபைகளில் பெருவழக்காக உள்ள மொழிபெயர்ப்பு (இனி, பழைய மொழிபெயர்ப்பு). மற்றொன்று, கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் எனும் பொது மொழிபெயர்ப்பு (இனி, புதிய மொழிபெயர்ப்பு).

2. மூலமொழிகளில் பொருட்புலம்

எபிரேயத்தில் 'அவத்' என்னும் வினையடியும் அதினின்று பிறந்த 'அவோதா' என்னும் பெயரும் உழைப்பு, அடிமை வேலை, தொண்டு, வழிபாடு ஆகிய அனைத்தையும் குறிக்கும். தொடக்கநூல் 2:15இல் மனிதன் தோட்டத்தைப் பண்படுத்துவதற்கு வரும் வினை இதுவே. விடுதலைப்பயணம் 1:14இல் எகிப்தியர் இசுரயேலரிடம் வாங்கிய கொடிய வேலையைக் குறிப்பதும் இதுவே. அதே நூலில், தமக்கு வழிபாடு செய்யுமாறு மக்களை அனுப்பிவிடப் பார்வோனிடம் கடவுள் கேட்குமிடங்களில் வருவதும் இதுவே.

இவ்வினையடியின் ஒருமையே அக்கதையின் அச்சாணி எனலாம். மக்கள் சோம்பியிருப்பதால்தான் பலியிடச் செல்ல வேண்டும் என்கின்றனர் என்று கூறி, பார்வோன் ஐந்தாம் இயலில் வேலைச்சுமையைக் கூட்டுகிறான். அவன் கூட்டுவதும் கடவுள் கேட்பதும் மூலத்தில் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். யாருக்காக உழைப்பது, அவ்வுழைப்பின் உரிமையாளர் யார் என்பதே போராட்டத்தின் பொருள். பழைய மொழிபெயர்ப்பில் முன்னது வேலை எனவும் பின்னது ஆராதனை எனவும் பிரிந்துவிடுகிறது. திருவிழாவிற்குச் செல்ல விடுப்புக் கேட்கப்பட்டு அது மறுக்கப்பட்டது என்ற அளவிலேயே தமிழ் வாசகர் இதனைப் புரிந்துகொள்ளக்கூடும். இப்பிரிவைத் தொடங்கிவைத்தவர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். எழுபதின்மர் எனப்படும் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பே வேலைக்கு ஒரு சொல்லையும் வழிபாட்டிற்கு வேறொரு சொல்லையும் இவ்விடங்களில் ஆண்டுவிட்டது.

அவ்வாறு வழிபாட்டிற்கு ஆளப்பட்ட கிரேக்க வினை 'லத்ரேவோ'. அதன் பெயர் 'லத்ரேயா'. உரோமையர் 12:1இல் வருவது இப்பெயரே. இதன் வேருடன் தொடர்புடைய 'லத்ரோன்' கூலியையும், 'லத்ரிஸ்' கூலிக்கு வேலை செய்பவரையும் குறித்தன. சமயச் சொல்லாக நிலைபெற்ற பின்னரும் பணி செய்தல் என்னும் உட்பொருள் இதனை விட்டு முற்றும் நீங்கவில்லை. புதிய ஏற்பாட்டில் இதனோடு வேறு மூன்று சொற்களும் வழங்குகின்றன. 'புரொஸ்குனேயோ' என்பது உடல் தாழ்த்தி வணங்குவதைக் குறிக்கும். 'திரேஸ்கேயா' என்பது சமய ஒழுகலாற்றைக் குறிக்கும். 'லெய்தூர்கியா' என்பது ஏதென்சு நகரில் செல்வர் தம் செலவில் போர்க்கப்பல் பேணுதல், நாடகக் குழுவை நடத்துதல் போன்ற பொதுப்பணிகளை ஆற்றியதைக் குறித்த சொல்.

பவுல் இவ்விறுதிச் சொற்குடும்பத்தைக் கையாளும் முறை கருதத்தக்கது. எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பண உதவியை 2 கொரிந்தியர் 9:12இல் 'லெய்தூர்கியா' என்கிறார். வரி தண்டும் அதிகாரிகளை உரோமையர் 13:6இல் இதே சொற்குடும்பத்தால் சுட்டுகிறார். யாக்கோபு 1:27 அனாதைகளையும் கைம்பெண்களையும் அவர்தம் துன்பத்தில் கவனித்தலைத் தூய 'திரேஸ்கேயா' என வரையறுக்கிறது. கோவில் சார்ந்த சொற்களைத் தெருவிற்கும் வீட்டிற்கும் கொண்டுவருதல் தனியொருவர் நடையன்று; புதிய ஏற்பாட்டில் பரவலாகக் காணப்படும் ஒரு சொல்லாட்சி நெறி எனலாம்.

3. தமிழ்ச் சொற்களின் ஆட்சி

ஆராதனை என்பது வடமொழியினின்று வந்த சொல். மகிழ்வித்தல், அருள் பெறுமாறு போற்றுதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். கத்தோலிக்க வழக்கில் நற்கருணை ஆராதனை என்னும் தொடரில் இது தனியொரு பக்திமுயற்சிக்குரியதாக நிற்கிறது. சீர்திருத்தத் திருச்சபைகளின் வழக்கில் இது ஞாயிறு கூட்டத்தின் பெயராகிவிட்டது. பெந்தெகொஸ்தே சபைகளின் செல்வாக்கால் அண்மைக் காலத்தில் அக்கூட்டத்தினுள்ளும் இசையோடு கூடிய துதிப் பகுதியை மட்டும் குறிக்குமளவிற்கு மேலும் குறுகிவருகிறது. பின்வரும் வாக்கியங்கள் இச்சொல்லின் இன்றைய எல்லையைக் காட்டும்.

(1) அவன் ஞாயிறுதோறும் ஆராதனைக்குச் செல்கிறான்.
(2) ஆராதனை ஒன்பது மணிக்கு முடிந்தது.
(3) அவன் வயலில் ஆராதனை செய்தான்.

முதலிரண்டும் இயல்பானவை. செல்லுதற்குரிய இடமும் முடிதற்குரிய நேரமும் உடைய நிகழ்ச்சிப்பெயராக ஆராதனை இயங்குவதை அவை காட்டுகின்றன. மூன்றாவது, வயலில் கூட்டம் கூட்டி இறைவேண்டல் நடத்தினான் என்று மட்டுமே பொருள்படும். உழுததையே இறைவனுக்கு உரியதாக்கினான் என்னும் பொருளை அது தருவதில்லை.

வழிபாடு என்பதன் வரலாறு வேறு. வழி, படு என்பவற்றின் சேர்க்கையாகிய இது வழியிற் செல்லுதல், ஒருவர் வழி நிற்றல் என்பதை அடிப்படையாகக் கொண்டது. புறநானூற்றின் பத்தாம் பாடலில் வழிபடுவோர் எனப்படுவோர் அரசனின் வழி நிற்போரே. தொல்காப்பியச் செய்யுளியல் புறநிலை வாழ்த்தை விளக்குமிடத்தில் இச்சொல் தெய்வத்தோடு சேர்ந்து வருகிறது. நடத்தையைக் குறித்த சொல் காலப்போக்கில் சடங்கைக் குறிக்கும் சொல்லாகப் பொருட்குறுக்கம் பெற்றது. வழிபாட்டுத் தலம், வழிபாட்டு நேரம், கூட்டு வழிபாடு என்னும் இன்றைய தொடர்களில் வழி நிற்றல் என்னும் பொருள் உணரப்படுவதில்லை. இலத்தீன் விவிலியமாகிய வுல்காத்தா இவ்வசனத்தில் ஆளும் 'ஒப்செக்குவியும்' என்னும் சொல்லும் பின்செல்லுதல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்ததே. ஆகவே வழிபாடு என்னும் தெரிவு சொற்பிறப்பளவில் மிகப் பொருத்தமானது. வழக்களவில் அப்பொருத்தம் மறைந்துவிட்டது.

தொழுகை இன்று பெரும்பாலும் இசுலாமியரின் இறைவேண்டலைக் குறிப்பதால் பிற சமய மொழிபெயர்ப்பில் அதன் ஆட்சி அரிதாகியுள்ளது. ஊழியம் என்னும் சொல் தன்னளவில் வேலை எனும் விரிந்த பொருளுடையது. எனினும் முழுநேர ஊழியம், ஊழியர் என்னும் திருச்சபை வழக்குகளால் அது சமயப் பொறுப்பில் இருப்போரின் தொழிற்பெயராகிவிட்டது. பாடம் நடத்தும் ஆசிரியர் ஊழியம் செய்வதாகச் சபையார் கூறுவதில்லை; அவர் மாலையில் நற்செய்திக் கைப்பிரதி வழங்கினால் அது ஊழியம் எனப்படுகிறது.

4. பழைய மொழிபெயர்ப்பின் ஆக்கமும் குறையும்

பழைய மொழிபெயர்ப்பு 'லத்ரேயா'விற்கு உரோமையர் 12:1இல் ஆராதனை என்னும் சொல்லையும், அதற்கு அடையாக வரும் 'லொகிகே' என்பதற்குப் புத்தியுள்ள என்பதையும் ஆள்கிறது. 'லொகிகே' என்பது 'லோகொஸ்' என்பதன் வழிவந்த பெயரடை. அறிவுக்கு இசைந்தது, அறிவுடைய உயிருக்கு உரியது, வெறும் சடங்கன்றி உட்பொருள் கொண்டது என்றெல்லாம் இதற்குப் பொருள் கூறப்பட்டுள்ளது. தோயிக் மெய்யியலாளர் எபிக்தேத்தஸ், குயில் குயிலுக்குரியதைச் செய்வதுபோல அறிவுடைய மனிதன் கடவுளைப் போற்றுவதே தனக்குரிய செயல் என்று கருதியபோது இச்சொல்லையே ஆண்டார். லூத்தரின் செருமானிய மொழிபெயர்ப்பும் 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் அறிவு சார்ந்த பொருளையே ஏற்றன. புத்தியுள்ள என்பது அம்மரபைத் தொடர்கிறது. ஆயின் தமிழில் புத்தியுள்ள என்பது ஆளுக்கு அடையாக வருவதே இயல்பு. புத்தியுள்ள பிள்ளை என்பது போலப் புத்தியுள்ள ஆராதனை என்பது இயல்பாக ஒலிப்பதில்லை. இத்தொடர் சபைகளில் பலமுறை ஓதப்பட்டுப் பழகிவிட்டதால் அதன் புதுமை உணரப்படுவதில்லை என்பதே உண்மை.

லூத்தர் ஆண்ட 'கோட்டெஸ்தீன்ஸ்ட்' என்னும் சொல் கடவுளுக்குரிய தொண்டு எனச் சொல்லுக்குச் சொல் பிரிந்து பொருள்படும். ஆங்கிலத்தின் 'சர்வீஸ்' என்பதும் அவ்வாறே தொண்டையும் ஆலயக் கூட்டத்தையும் ஒருங்கே சுட்டும். ஆராதனையில் தொண்டு என்னும் உறுப்பு இல்லை. அதனால் மேலைமொழிகளில் எஞ்சியிருந்த இணைப்பும் தமிழில் அறுபடுகிறது. மேலும் பழைய மொழிபெயர்ப்பு இச்சொற்குடும்பத்திற்கு ஒரே நிகரனைப் பேணவில்லை. உரோமையர் 1:9இலும் 1:25இலும் 'லத்ரேவோ' சேவித்தல் ஆகிறது. 12:1இல் ஆராதனை ஆகிறது. முதல் இயலில் மனிதர் தம் உடல்களை இழிவுபடுத்தியதும் படைப்பிற்குத் தொண்டு செய்ததும் அடுத்தடுத்த வசனங்களில் பேசப்படுகின்றன. உடல், தொண்டு என்னும் அவ்விரு சொற்களையும் பவுல் 12:1இல் மீண்டும் இணைத்து, வீழ்ந்த நிலை மீட்கப்படுவதைக் காட்டுகிறார். சேவித்தலும் ஆராதனையும் வேறுபட்டு நிற்கையில் இந்த எதிரொலியின் பாதி கேட்பதில்லை.

எனினும் பழைய மொழிபெயர்ப்பின் ஓர் ஆக்கம் மறுக்கவொண்ணாதது. சரீரம் என்னும் சொல்லை அது பன்மையிலேயே பேணியது. பலி என்பதை ஒருமையில் வைத்தது. மூலத்தில் உடல்கள் பல, பலி ஒன்று. பல உடல்கள் ஒன்றுகூடி ஒரே பலியாகின்றன என்னும் இக்குறிப்பு, நான்காம் ஐந்தாம் வசனங்களில் பல உறுப்புகள் கொண்ட ஒரே உடல் என்னும் உருவகத்திற்கு வழியமைக்கிறது.

5. புதிய மொழிபெயர்ப்பின் ஆக்கமும் குறையும்

புதிய மொழிபெயர்ப்பு ஆராதனையை விடுத்து வழிபாடு என்பதைத் தெரிந்துகொண்டது. தமிழ் வேர்ச்சொல்லாகவும் எல்லாச் சமயத்தாருக்கும் விளங்குவதாகவும் உள்ள இத்தெரிவு பாராட்டத்தக்கது. புத்தியுள்ள என்பதன் இடத்தில் உள்ளார்ந்த என்னும் அடை வந்துள்ளது. உடல்களை என்பதன் இடத்தில் உங்களை என்பது வந்துள்ளது. ஒப்புக்கொடுத்தல் படைத்தல் ஆகியுள்ளது.

இம்மாற்றங்களுக்கு மொழிபெயர்ப்புக் கோட்பாட்டு அடிப்படை உண்டு. யூஜின் நைடா 1964இலும், சார்லஸ் டேபருடன் இணைந்து 1969இலும் வெளியிட்ட நூல்களால் பரவிய இயங்குநிலை நிகரன் கொள்கை, மூலச்சொல்லின் வடிவத்தைவிட அது வாசகரிடம் ஏற்படுத்தும் விளைவையே முதன்மையாகக் கருதுமாறு வற்புறுத்தியது. 'சோமா' என்னும் கிரேக்கச் சொல் பவுலிடத்தில் முழு மனிதனையே குறிக்கும் என்று ருடோல்ப் புல்ட்மன் வாதிட்டார். எளிய ஆங்கில மொழிபெயர்ப்பொன்றும் இவ்விடத்தில் உடல்களை விடுத்து உங்களை என்றே பெயர்த்துள்ளது. ஆகவே புதிய மொழிபெயர்ப்பைக் கவனக்குறைவு என்று கூறுதல் பொருந்தாது. அது ஆய்ந்து செய்த தெரிவே.

ஆயினும் அத்தெரிவின் விளைவு ஆராயத்தக்கது. புல்ட்மனின் கருத்தை இராபர்ட் கண்ட்ரி 1976இல் வெளியிட்ட நூலில் மறுத்து, 'சோமா' என்பது பருவுடலையே குறிக்கும் என நிறுவ முயன்றார். இவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், முழு மனிதனை உடல் என்னும் பெயரால் சுட்டுவதும், உங்களை என்னும் மாற்றுப்பெயரால் சுட்டுவதும் ஒன்றல்ல. தமிழில் உங்களை என்பதோடு உள்ளார்ந்த என்பதும் ஒரே வசனத்தில் வரும்போது வாசகரின் கவனம் அகத்தை நோக்கித் திரும்புகிறது. மனத்தைக் கடவுளுக்குக் கொடுத்தலே மெய்யான வழிபாடு என்னும் பொருள் எளிதில் கொள்ளப்படும். பவுல் மனத்தைப் பற்றிப் பேசாதவர் அல்லர். அடுத்த வசனமே உள்ளம் புதுப்பிக்கப்படுவதைக் கூறுகிறது. முதல் வசனத்தில் உடலும் இரண்டாம் வசனத்தில் உள்ளமும் என்பது மூலத்தின் வரிசை. புதிய மொழிபெயர்ப்பில் இரு வசனங்களும் உள்ளத்தையே நோக்குகின்றன.

மற்றொரு செய்தியும் இங்குக் கருதத்தக்கது. மத்தேயு 4:10இல் வணங்குதல், 'லத்ரேவோ' என்னும் இரு வினைகளும் அடுத்தடுத்து வருகின்றன. அங்குப் பழைய மொழிபெயர்ப்பு ஆராதனை செய்தல் என்றே ஆள, புதிய மொழிபெயர்ப்போ பணி செய்தல் என்னும் தொடரை ஆள்கிறது. வணங்குதலினின்று பிரித்துக்காட்ட வேண்டிய தேவை அங்கே சரியான சொல்லைக் கொணர்ந்தது. அத்தகைய நெருக்கடி இல்லாத உரோமையர் 12:1இல் அச்சொல் நினைக்கப்படவில்லை. தேவையான கருவி அதே நூலினுள் இருந்தும் அது மிகவும் வேண்டப்பட்ட இடத்தில் கையாளப்படாமற் போயிற்று.

6. உடல் என்னும் சொல்லின் இன்றியமையாமை

உடல் என்னும் ஒரு சொல் விடுபடுதலுக்கு இத்துணை முதன்மை தருவது மிகையெனத் தோன்றலாம். தமிழ்க் கிறித்தவ வரலாறு அவ்வாறன்று எனக் காட்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1820களின் இறுதியில் எழுதியவற்றில் இரேனியசு மேற்கொண்ட விவிலியத் திருத்த முயற்சியை வன்மையாக எதிர்த்தார். அதே காலத்து எழுத்துகளில் நற்கருணையின்போது சாதிகளைக் கலந்து அமரச் செய்வதையும் எதிர்த்தார். மொழிபெயர்ப்புச் சொல்லும் ஆலயத்தில் அமரும் இடமும் அவர் கருத்தில் ஒரே மரபின் இரு பகுதிகளாக இருந்தன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை முற்றாகக் கைவிட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தபோது தமிழ்ச் சபைகளில் பெரும்பிளவு ஏற்பட்டது. யார் முன்னே அமர்வது, யார் கிண்ணத்தில் யார் அருந்துவது, யார் எந்த இடுகாட்டில் அடக்கம் பெறுவது என்பனவே பூசலின் பொருள்களாயின.

இவை அனைத்தும் உடல் பற்றியவை. உள்ளத்தால் யாவரும் சமம் என்பதை அப்பூசலில் எத்தரப்பாரும் மறுத்திருக்க வேண்டியதில்லை. உள்ளார்ந்த வழிபாடு என்னும் கருத்து அமரும் இடத்தைத் தொடாமலே நிறைவுபெற்றுவிடக்கூடியது. உடல்களை ஒரே பலியாக ஒப்படைத்தல் என்னும் கருத்தோ அவ்வாறு நிறைவுபெற இயலாது. கொரிந்து நகரத் திருச்சபையில் செல்வர் உண்டு நிறைய ஏழையர் பசித்திருந்தபோது, அங்கு நடப்பது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் 1 கொரிந்தியர் 11இல் கடிந்தார். சடங்கு முறையில் குறையிருந்ததாக அவர் கூறவில்லை. உடனிருந்த உடல்களின் பசியைக் கருதாமையே வழிபாட்டைப் பொய்யாக்கியது. ஆமோசு, எசாயா முதலிய இறைவாக்கினர் பலியையும் நோன்பையும் கண்டித்ததும் இக்காரணத்தாலேயே.

உரோமையர் 12இன் எஞ்சிய பகுதி இதனை உறுதிசெய்கிறது. மாயமற்ற அன்பு, வறியோருடன் பகிர்தல், விருந்தோம்பல், அழுவாருடன் அழுதல், தாழ்ந்தோருடன் பழகுதல், பசித்த பகைவனுக்கு உணவளித்தல் என அறிவுரைகள் அடுக்கப்படுகின்றன. பதின்மூன்றாம் இயலில் வரி செலுத்துதலும் கடன் தீர்த்தலும் தொடர்கின்றன. இவை வழிபாட்டின் விளைவுகள் என்று பவுல் பிரித்துக் கூறவில்லை. முதல் வசனத்தில் பெயரிட்டதைப் பின்னர் விரித்துரைக்கிறார். கையும் காலும் வாயும் இன்றி இவற்றுள் ஒன்றையும் செய்தல் இயலாது. தலைப்பில் உடல் இல்லையெனில், விரிவுரை தலைப்போடு தொடர்பற்ற நல்லொழுக்கப் பட்டியலாகக் குறைந்துவிடுகிறது.

7. பணி என்னும் சொல்

தமிழில் 'அவோதா'வின் இரட்டைப் பொருளை ஏறத்தாழ முழுமையாக ஏற்கவல்ல சொல் பணி என்பதே.

(4) அவன் வயலில் பணி செய்தான்.
(5) அவன் இறைவனுக்குப் பணி செய்தான்.
(6) அவன் இறைவனைப் பணிந்தான்.

மூன்றும் இயல்பான வாக்கியங்கள். உழைப்பு, தொண்டு, வணக்கம் ஆகிய மூன்றையும் இச்சொல் தாங்குகிறது. சைவ மரபில் திருநாவுக்கரசர் உழவாரப் படையேந்திக் கோவில் முற்றத்துப் புல்லைச் செதுக்கியது பணி எனப்பட்டது. கோவிலைப் புதுப்பித்தல் திருப்பணி எனப்படுகிறது. உடலுழைப்பையே வழிபாடாகக் கருதும் சொல்லாட்சி தமிழில் புதிதாகப் படைக்கப்பட வேண்டியதன்று.

ஆயினும் தடைகள் உள்ளன. பணி நியமனம், பணி மூப்பு, பணி ஓய்வு என்னும் அலுவலக வழக்குகள் இச்சொல்லின் வணக்கப் பொருளை மங்கச் செய்துள்ளன. இறைப்பணி என அடை சேர்த்தால் அது குருக்களுக்கும் துறவியருக்கும் உரியதாகக் கொள்ளப்படுகிறது. ஊழியத்திற்கு நேர்ந்த குறுக்கமே இதற்கும் நேர்கிறது. இவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு. வேலையையே வழிபாடு என்று கூறுதல், வேலை வாங்குவோருக்கு வசதியான கொள்கையாக மாறக்கூடும். கூலி குறைத்து நீண்ட நேரம் உழைக்கச் செய்பவரும் இக்கூற்றை எடுத்துக்காட்டலாம். விடுதலைப்பயண நூலின் சொல்லாட்சி இதற்கு மறுப்பாக நிற்கிறது. பார்வோனுக்குச் செய்ததும் கடவுளுக்குச் செய்வதும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும் அவை ஒன்றல்ல. ஒன்றிலிருந்து விடுபட்டாலன்றி மற்றொன்று நிகழாது. ஆகவே எவ்வுழைப்பும் தானே வழிபாடாகிவிடும் என்பதன்று பவுலின் கருத்து. கடவுளின் இரக்கத்தை முன்னிட்டு உரிமையோடு ஒப்படைக்கப்படும் உடலின் வாழ்க்கையே வழிபாடாகிறது. ஒப்புக்கொடுத்தல் என்னும் பழைய வினை இவ்வுரிமைப் பொருளைப் படைத்தல் என்பதைவிடத் தெளிவாகத் தருகிறது; பிந்தையது படையல் என்னும் சடங்குப் பொருளுக்கு மீண்டும் இட்டுச்செல்கிறது.

8. முடிவுரை

இரு மொழிபெயர்ப்புகளும் வேறு வேறு வழிகளில் ஒரே இழப்பிற்கு ஆளாகியுள்ளன. பழைய மொழிபெயர்ப்பு உடலைப் பேணி, வழிபாட்டை ஆலய நிகழ்ச்சியாகக் குறுக்கும் சொல்லை ஆண்டது. புதிய மொழிபெயர்ப்பு விரிந்த சொல்லைத் தெரிந்துகொண்டு, உடலை நீக்கி, வழிபாட்டை உள்ளத்தினுள் அமைத்தது. ஒன்றில் வழிபாடு ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்குகிறது. மற்றொன்றில் நெஞ்சுக்குள் அடங்குகிறது. திங்கட்கிழமை காலையில் வயலுக்கும் ஆலைக்கும் அடுக்களைக்கும் செல்லும் உடல் இரண்டிலும் பெயரின்றி நிற்கிறது.

எதிர்காலத் திருத்தங்களில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 'லத்ரேவோ' என்னும் சொற்குடும்பம் வரும் இடங்கள் ஒருங்கே ஆராயப்பட்டு, எல்லா இடத்தும் ஒரே நிகரன் இயலாதெனினும் உரோமையர் 1:25, 12:1 போன்ற இணைப்பு இடங்களிலாவது ஒருமை பேணப்பட வேண்டும். இரண்டாவது, 'லொகிகே' என்பதற்கு அறிவுக்கு இசைந்த என்பது போன்ற தொடர், புத்தியுள்ள என்பதன் செயற்கைத்தன்மையும் உள்ளார்ந்த என்பதன் அகநோக்கும் இன்றிப் பொருள் தரும். மூன்றாவது, உடல்கள் என்னும் சொல் மீண்டும் இடம்பெற வேண்டும்.

இம்மூன்றனுள் இறுதியது மிக எளியதும் மிக இன்றியமையாததும் ஆகும். ஆராதனை, ஊழியம், பணி ஆகிய சொற்களின் குறுக்கத்தைத் தனி மொழிபெயர்ப்பாளர் எவரும் நீக்கிவிட முடியாது. சொற்களைக் குறுக்கியது மக்கள் வழக்கு. அவற்றை விரிக்க வேண்டியதும் அதுவே. பணி செய்வோர் யாவரையும் திருச்சபை தன் பேச்சில் பணியாளர் என ஏற்கும்வரை அகராதியால் ஆவது சிறிதே. மூலத்தில் உள்ள ஒரு பெயர்ச்சொல்லை விடுவதும் பேணுவதுமோ மொழிபெயர்ப்பாளரின் கையிலேயே உள்ளது.